கடை திறந்திருக்கும் நேரத்தில் ஒரு கூட்டம்

வாசகர் கேள்வி – பதில்: குடிநோய்

குடியை நிறுத்தியவர்களும் நிறுத்த விரும்புகிறவர்களும் சேர்ந்து உட்காரும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு குறிப்பு வந்திருந்தது. அதைப் படித்துவிட்டு எழுதியவர்களில் சேலம் மாவட்டத்துக்காரர்களே அதிகம். சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்ததும் சேலம் மாவட்டத்தில்தான், 1937 அக்டோபர் 1-ஆம் தேதி. அன்றைய பேச்சு கடையை மூடுவதைப் பற்றி. இந்தக் கடிதங்கள் கேட்பது வேறு: பகல் 12 முதல் இரவு 10 வரை டாஸ்மாக் திறந்திருக்கும் ஊரில் ஒருவர் இன்றைய சாயங்காலத்தை எப்படிக் கடப்பது? யாருடைய பெயரையும் வெளியிடவில்லை.

*

என் கணவர் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறார். பன்னிரண்டு வருஷக் குடி. இப்போது தினமும் ஒரு ஆஃப், சனிக்கிழமை கூலி வாங்கினால் அதற்கு மேலும். காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நடுக்கம் நின்று வேலையில் உட்கார முடிகிறது. "திங்கட்கிழமையிலிருந்து தொடமாட்டேன், மீட்டிங்குக்குக் கூட்டிட்டுப் போ" என்கிறார். எந்த மீட்டிங் நல்லது? – செவ்வாய்ப்பேட்டை வாசகி

முதலில் டாக்டர், அதற்குப் பிறகு மீட்டிங். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

காலையில் கை நடுங்குகிறது, ஒரு கட்டிங் போட்டால் நிற்கிறது என்ற உங்கள் வரி ஒன்றே போதும். அவர் உடம்பு மது இல்லாமல் இயங்க மறந்துவிட்டது. 375 மில்லி ஆஃப் பாட்டிலில் 42.8 சதவீதச் சரக்கு என்றால், சுத்த ஆல்கஹால் மட்டுமே சுமார் 125 கிராம். மது தினமும் தரும் இவ்வளவு மந்தத்தை எதிர்த்து வேலை செய்து மூளை பழகியிருக்கிறது. ஒரே நாளில் மதுவை எடுத்துவிட்டால் எதிர்த்து நின்ற வேகம் மட்டும் மிஞ்சி, நரம்புகள் கட்டுக்கடங்காமல் போகும்.

கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்துக்கு மேல் ஆகும்போது நடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை தொடங்கும். 12 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முடிந்து நான்காம் நாள் வரை இன்னும் கவனம் தேவை. சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வது, இல்லாத ஆளோடு பேசுவது, இருக்கும் இடமே தெரியாமல் போவது, காய்ச்சல், படபடப்பு எல்லாம் வரக்கூடிய கட்டம் அது. உயிரையே எடுத்துவிடும். இடையில் ஒரு பகல் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். "தாண்டிட்டாரு" என்று அப்போது அசந்துவிடாதீர்கள். முன்பு நிறுத்தியபோது ஒரு முறையாவது வலிப்பு வந்திருந்தால் வீட்டில் வைத்து முயலவே கூடாது.

நம் ஊரில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறையும் சொல்லிவிடுகிறோம். இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்திருக்கிறார் என்று பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றச் சொல்வார்கள். நெடுநாள் குடித்தவர் உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமின் வற்றிப் போயிருக்கும். அதை முதலில் ஊசியாகப் போடாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சமும் செலவாகி மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். "இவர் தினமும் குடிப்பவர், முதலில் பி1 ஊசி போடுங்கள்" என்று தயங்காமல் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையில் ஓ.பி. நேரத்துக்குப் போய்விடுங்கள். தினமும் எவ்வளவு, கடைசியாக எத்தனை மணிக்கு, முன்பு வலிப்பு வந்ததா, சர்க்கரை, பிரஷர் மாத்திரை உண்டா என்று நான்கு வரி ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே போய் அவரைக் கேட்டால் குறைத்துத்தான் சொல்வார். டாக்டரைப் பார்க்கும் வரை திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். ஏற்கெனவே நிறுத்தி, பிதற்றலோ வலிப்போ வந்துவிட்டால் உடனே 108.

நடுக்கத்தை அடக்கும் மாத்திரையைப் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கல்லீரல் கெட்டவருக்கு மாத்திரையே வேறு. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்காதீர்கள். அந்த ஒரு வாரம் முடிந்ததும் மீட்டிங். எது நல்லது என்று கேட்டீர்கள். சனிக்கிழமை கூலி கைக்கு வரும் நேரத்துக்கு மிக அருகில் எந்த மீட்டிங் இருக்கிறதோ அதுதான் உங்கள் வீட்டுக்கு நல்லது. முதல் மாதம் பட்டறை வாசலிலேயே போய் நின்று அழைத்துப் போங்கள்.

*

வயது 41. ஷிஃப்ட் வேலை. சிகிச்சை எடுத்து மூன்று வாரமாகக் குடிக்கவில்லை. "ஏ.ஏ.வுக்குப் போ" என்கிறார் டாக்டர். எங்கே தேடுவது? போனால் பேசச் சொல்வார்களா, பெயர் எழுதுவார்களா? சேலத்தில் எங்கே திரும்பினாலும் தெரிந்த முகம். – சூரமங்கலம் வாசகர்

தேடுவதற்கு மூன்று வழி உண்டு. ஏ.ஏ.வின் இந்திய அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அதன் இணையதளத்திலும் தொலைபேசியிலும் ஊர்வாரியாகக் குழுக்களின் விவரம் கேட்கலாம். இரண்டாவது, உங்களுக்குச் சிகிச்சை தந்த இடமே. ஏ.ஏ. உறுப்பினர்கள் குடிநோய் வார்டுகளுக்கு வந்து பேசுவது வழக்கம் என்பதால், மனநலப் பிரிவுச் சமூகப் பணியாளரிடம் அவர்கள் எண் இருக்கும். மூன்றாவது, மாதா கோயில் வளாகங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் விசாரிப்பது. குறைந்த வாடகைக்குச் சாயங்காலம் ஒரு அறை கிடைக்கும் என்பதால் நிறையக் குழுக்கள் அங்கேதான் கூடுகின்றன. மதத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. வாசலில் சின்னதாக 'ஏ.ஏ.' என்ற பலகையோ, வட்டத்துக்குள் முக்கோணம் போட்ட சின்னமோ தொங்கும்.

பட்டியலில் பார்த்ததை நம்பி நேராகக் கிளம்பிவிடாதீர்கள். குழுக்கள் இடம் மாறும், கிழமை மாறும். பூட்டிய கேட்டுக்கு முன்னால் தனியாக நிற்கும் புதியவர், அந்தத் தெருமுனையில் கடை இருந்தால் எங்கே போவார் என்று சொல்ல வேண்டியதில்லை. முதலில் போன் போட்டு, இந்த வாரம் கூட்டம் உண்டா, தமிழில் நடக்குமா, எந்த கேட் வழியாக வர வேண்டும், வாசலில் யாராவது நிற்பார்களா, திறந்த கூட்டமா மூடிய கூட்டமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திறந்த கூட்டத்துக்கு மனைவி, நண்பர், மாணவர் யாரும் வரலாம். மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். தெரிந்த முகத்துக்கு அஞ்சுகிற உங்களுக்கு மூடியதே நிம்மதி. அங்கே ஒருவேளை தெரிந்த முகம் இருந்தால், அவரும் உங்கள் காரணத்துக்காகவே வந்திருப்பார்.

உள்ளே நடப்பது இதுதான். பத்துப் பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலி, மேசையில் ஒரு ஃபிளாஸ்க் டீ. புதியவருக்கு டம்ளரில் பாதி அளவே ஊற்றிக் கொடுப்பார்கள், கை நடுங்கினாலும் சிந்தாமல் இருக்க. சற்று நேரம் மௌனம். பிறகு லேமினேட் செய்த ஒரு அட்டை கைமாறும். ஏ.ஏ. என்றால் என்ன என்பதையும், குடியிலிருந்து மீள அது சொல்லும் 12 படிகளையும் ஒருவர் வாசிப்பார். அதன்பின் ஒவ்வொருவராக "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கி ஐந்து பத்து நிமிஷம் பேசுவார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே அறிவுரை சொல்வதில்லை. ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. உங்கள் முறை வந்தால் "இன்னைக்குக் கேட்டுக்கறேன்" என்று சொன்னால் போதும், அடுத்தவருக்குப் போய்விடும். வருகைப் பதிவேடு கிடையாது. சொல்லும் பெயர் உண்மைப் பெயரா என்று யாரும் சரிபார்ப்பதில்லை. சந்தா கிடையாது. ஒரு பை சுற்றி வரும். அதில் விழுவது வாடகைக்கும் டீக்கும். முதல் தடவை வருபவர் போட வேண்டியதில்லை. சேருவதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை.

கூட்டம் முடிந்த பிறகு வரும் பத்து நிமிஷத்தைத் தவற விடாதீர்கள். புதியவர்கள் முக்கால்வாசிப் பேர் முடிந்ததும் முதல் ஆளாகச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். நின்று, குடிக்காமல் ஒரு வருஷமாவது தாண்டிய இரண்டு பேரின் எண்ணை வாங்குங்கள். அன்றிரவே ஒருவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். எண் அவர் போனில் ஏறிவிட்டால், நாளை மறுநாள் நெருக்கடியில் கூப்பிடும்போது அறிமுகம் செய்துகொண்டு நிற்க வேண்டாம்.

ஷிஃப்ட் விஷயம். பகல் ஷிஃப்ட் வாரத்தில் சாயங்காலக் கூட்டம், மதிய ஷிஃப்ட் வாரத்தில் ஞாயிறு காலை அல்லது இணையவழி என்று இரண்டு வாரத்துக்கும் தனித்தனியாக எழுதி அலமாரிக் கதவில் ஒட்டுங்கள். முதல் 90 நாளில் 90 கூட்டம் என்பது ஏ.ஏ.வில் புழங்கும் யோசனை. தினமும் கூட்டம் இல்லாத ஊரில் நேரில் வாரம் இரண்டு, மற்ற நாள் போனில் என்று கலந்துகொள்ளலாம். எண் விசாரிக்கும்போதே தமிழில் இணையக் கூட்டம் எந்த நாள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நுழையுமுன் திரையில் தெரியும் உங்கள் முழுப் பெயரை மாற்றி ஓர் எழுத்தாக்கிவிடுங்கள். போன் தானாக உங்கள் முழுப் பெயரைக் காட்டிவிடுவதுண்டு.

*

ஒரு முறை போய் வந்தேன். எல்லோரும் என் அப்பா வயது. கடைசியில் பிரார்த்தனை வேறு. எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. இது எனக்குச் சரிவருமா? – அஸ்தம்பட்டி வாசகர்

ஒரு கூட்டத்தை வைத்து ஏ.ஏ.வை எடை போடாதீர்கள். குறைந்தது ஆறு கூட்டம், அதுவும் இரண்டு மூன்று வெவ்வேறு குழுக்களில் உட்கார்ந்துவிட்டுச் சொல்லுங்கள். ஒருவர் தன் கதையை முழுதாகச் சொல்லும் பேச்சாளர் கூட்டம், ஒரு படியை எடுத்து அலசும் படிக் கூட்டம், புத்தகம் வாசித்துப் பேசும் கூட்டம் என்று வகைகள் உண்டு. கேள்வி கேட்கும் இயல்புள்ளவருக்குப் படிக் கூட்டம் பிடிக்கும்.

கடவுள் என்ற சொல் படிகளில் வருவது உண்மைதான். 'நாங்கள் புரிந்துகொண்டவாறு' என்ற தொடரும் அதோடு சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் குழுவையே தன்னைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொண்டு பல வருஷம் குடிக்காமல் இருக்கும் நாத்திகர்கள் இருக்கிறார்கள். பிரார்த்தனையின்போது சும்மா நிற்கலாம். அதுவும் ஒப்பவில்லை என்றால், 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரெக்கவரி என்ற அமைப்பு கடவுளைத் தொடாமல், எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பயிற்சியாக இணையவழியில் கூட்டங்கள் நடத்துகிறது. ஆங்கிலம் புரிந்தால் முயலுங்கள்.

ஆய்வு கேட்பீர்கள் என்பதால் ஒன்று. 27 ஆய்வுகளை, 10,565 பேரின் விவரங்களை அலசிய தொகுப்பு ஒன்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பிலிருந்து 2020-இல் வந்தது. முற்றிலும் குடிக்காமல் இருப்பதற்கு, ஏ.ஏ.வுக்கு முறையாக அறிமுகப்படுத்தி ஈடுபடச் செய்யும் சிகிச்சை மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குச் சமமாகவும், பல இடங்களில் கூடுதலாகவும் பலன் தந்தது என்று அது சொல்கிறது. 'முறையாக அறிமுகப்படுத்தி' என்பதைக் கவனியுங்கள். முகவரிச் சீட்டை நீட்டி "போய்ப் பாருங்க" என்பதோடு விடக்கூடாது. ஒரு பழைய உறுப்பினரை வரவழைத்துக் கைகோத்துவிட வேண்டும். நீங்கள் தனியாகப் போய்த் தனியாகத் திரும்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறோம்.

குழு பிடிக்காமல் போவது வேறு, குழு சரியில்லாமல் இருப்பது வேறு. மனநல மாத்திரையை நிறுத்தச் சொல்பவர், தன் மறுவாழ்வு மையத்துக்கு ஆள் பிடிப்பவர், கடன் கேட்பவர், கூட்டத்தை வீடியோ எடுப்பவர், வாராவாரம் ஒருவரே முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்வது: இவற்றில் எது நடந்தாலும் வேறு குழு பாருங்கள். மருந்து விஷயத்தில் உறுப்பினர் எவரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்று ஏ.ஏ.வின் சொந்த வெளியீடே சொல்கிறது.

*

என் தம்பி ஒவ்வொரு கார்த்திகையும் மாலை போட்டு 48 நாள் தொடுவதே இல்லை. மாலையைக் கழற்றிய அன்று ராத்திரியே ஆரம்பம். 48 நாள் முடிந்தவருக்கு 49-ஆம் நாள் ஏன் முடியவில்லை? – ஆத்தூர் வாசகர்

விரதத்தில் அவருக்கு என்னென்ன கிடைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். விடியலில் குளியல், சாயங்காலம் பூஜை, பஜனை. சரக்கு ஏறும் ஆறரை மணிக்குப் போக ஓர் இடம், உடன் அதே விரதத்தில் இருக்கும் ஆட்கள், வழிகாட்ட ஒரு குருசாமி. சிநேகிதர்கள் கூப்பிடுவதில்லை. ஊரே 'சாமி' என்று அழைக்கிறது. மாலையைக் கழற்றியதும் அத்தனையும் ஒரே நாளில் போய்விடுகின்றன, மனுஷன் மட்டும் அப்படியே நிற்கிறார். அவருக்கு மன உறுதி இல்லை என்று திட்டாதீர்கள். 48 நாள் தாக்குப்பிடித்தவரிடம் அது நிறையவே இருக்கிறது.

மாலை போட்டிருக்கும்போதே, மூன்றாவது வாரத்துக்குள், கூட்டத்துக்கு அழைத்துப் போய்ப் பழக்குங்கள். கழற்றும் தேதி முன்கூட்டியே தெரியும் என்பதால் அன்று சாயங்காலம் எந்தக் கூட்டம், அடுத்த ஏழு சாயங்காலமும் எங்கே என்று இப்போதே முடிவு செய்யுங்கள். பஜனை நடந்த அதே நேரம் வெறுமையாகக் கிடக்கக் கூடாது.

இரண்டு எச்சரிக்கை. தினமும் குடிப்பவர் மாலை போடுவதற்காகத் திடீரென்று நிறுத்தும்போது வலிப்பு வரும் அபாயம் உண்டு. ஒரு வாரம் முன்பே டாக்டரைப் பார்க்கட்டும். மற்றது, 48 நாள் இடைவெளியில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். பழைய அளவை ஒரே மூச்சில் குடித்தால் வாந்தி புரையேறுவது முதல் வண்டி விபத்து வரை எதுவும் நடக்கலாம். அன்று வண்டிச் சாவி உங்களிடம் இருக்கட்டும்.

*

சாம்பாரில் கலந்து கொடுத்தால் குடி நின்றுவிடும் என்று ஒரு மாத்திரை தருகிறார்கள். மகனுக்குத் தெரியாமல் கொடுக்கலாமா? – ஓமலூர் தாய்

வேண்டாம் அம்மா. அது பெரும்பாலும் டைசல்ஃபிராம் என்ற மருந்தாக இருக்கும். மது உடம்பில் சிதையும்போது நடுவில் உருவாகும் நச்சை மேலும் சிதைய விடாமல் தடுப்பது அது. மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் பத்து முதல் முப்பது நிமிஷத்தில் முகம் சிவந்து, தலை தெறித்து, வாந்தி, படபடப்பு வந்து ரத்த அழுத்தம் விழுந்துவிடும். இதயம் பலவீனமானவர் இறந்தே போகலாம். அவருக்குத் தெரியாவிட்டால் "ஏதோ வாயு" என்று இன்னொரு பெக் ஊற்றுவார்.

இதே மருந்தை முறையாகக் கொடுப்பது உண்டு. கல்லீரல், இதயப் பரிசோதனை முடித்து, கடைசிக் குடியிலிருந்து குறைந்தது 12 மணி நேரம் கழித்து, அவர் சம்மதத்தோடு தொடங்குவார்கள். தினமும் காலையில் உங்கள் கண்முன் அவரே எடுத்துச் சாப்பிட வேண்டும். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும். அந்த நாட்களில் அரிஷ்டம், ஆல்கஹால் கலந்த இருமல் சிரப் எதுவும் கூடாது. வயிற்றுப்போக்குக்குத் தரும் மெட்ரோனிடசோலும் கூடாது. எந்த டாக்டரிடம் போனாலும் இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே கலந்து கொடுத்திருந்தால் இன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மகன் குடித்துவிட்டு மயங்கினால் 108 ஆட்களிடமும் அதை முதலில் சொல்லுங்கள்.

*

நான் பெண். ஒரு வருஷமாக வீட்டில் தனியாகக் குடிக்கிறேன். ஆண்கள் நிறைந்த கூட்டத்துக்கு எப்படிப் போவது? – பெயரும் ஊரும் வேண்டாம்

போக வேண்டியதில்லை. பெண்களுக்கு மட்டுமான இணையவழிக் கூட்டங்களை ஏ.ஏ. அலுவலகத்தில் கேட்டு, வீட்டிலிருந்தே காதில் இயர்ஃபோனோடு தொடங்குங்கள். வழிகாட்டியாக, அதாவது ஸ்பான்சராக, பெண்ணுக்குப் பெண் என்பதே ஏ.ஏ.வில் எங்கும் சொல்லும் யோசனை. "நான் உதவி செய்கிறேன்" என்று தனியாகப் பேச அழைக்கும் ஆண் உறுப்பினருக்கு எண் தராதீர்கள். ஒரே அளவு குடித்தாலும் பெண் உடம்பில் கல்லீரல் சேதம் சீக்கிரம் வருகிறது. ஒரு வருஷம்தானே என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். யாரிடமாவது இன்றே பேச வேண்டுமானால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். கட்டணம் இல்லை.

*

ஏற்காடு எஸ்டேட்டில் வேலை. நாங்கள் மூன்று பேர் நிறுத்த நினைக்கிறோம். சேலத்துக்கு சாயங்காலக் கூட்டத்துக்குப் போனால் திரும்பி வர பஸ் கிடைப்பதில்லை. நாங்களே இங்கே தொடங்கலாமா? முதலாளி ஆபீஸ் ரூம் தருவதாகச் சொல்கிறார். – ஏற்காடு வாசகர்

தாராளமாகத் தொடங்கலாம். வேறு எந்த அமைப்போடும் ஒட்டாமல், குடிக்காமல் இருப்பதற்காக இரண்டு மூன்று குடிநோயாளிகள் சேர்ந்தாலே அது ஒரு ஏ.ஏ. குழு என்று, குழுக்களை நடத்த ஏ.ஏ. வகுத்துக்கொண்ட மரபுகளில் மூன்றாவது சொல்கிறது. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பங்குச்சந்தைக்காரர் ஒருவரும் அறுவை சிகிச்சை டாக்டர் ஒருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசியதில்தான் எல்லாமே தொடங்கியது. இந்தியாவுக்கு 1957-இல் வந்தது. மூன்று பேர் என்பது அவர்களைவிட ஒருவர் அதிகம்.

ஆனால் நாளைக்கே தொடங்கிவிடாதீர்கள். கொண்டை ஊசி வளைவு இருபதும் பகலில் இறங்கி ஏறும்படி, சேலத்தில் ஞாயிறு காலையோ மதியமோ நடக்கும் கூட்டத்தைக் கேட்டறிந்து, ஆறு முதல் எட்டு வாரம் மூவரும் சேர்ந்து போய் வாருங்கள். கூட்டம் எப்படி ஓடுகிறது, யார் எதை வாசிக்கிறார்கள், அழுகிறவரை எப்படி விடுகிறார்கள் என்பதெல்லாம் உட்கார்ந்து பார்த்தால்தான் பிடிபடும். அந்தக் குழுவிடமே தமிழ்ப் புத்தகங்களும் வாசிப்பு அட்டையும் கிடைக்கும். முதல் ஆறு மாதம் மாதம் ஒருமுறை இரண்டு பேர் மேலே வந்து உட்கார வேண்டும் என்று கேளுங்கள். இப்படி வருவதை அவர்கள் தங்கள் குடி நிறுத்தத்துக்கே மருந்தாக நினைப்பவர்கள், மறுக்க மாட்டார்கள்.

முதலாளியின் நல்ல மனசுக்கு நன்றி சொல்லுங்கள், ஆபீஸ் ரூமை மட்டும் வாங்காதீர்கள். கூலி எழுதும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து யாரும் உண்மையைப் பேச மாட்டார்கள். யார் வந்தார், யார் வரவில்லை என்று ஒரு நாள் மேஸ்திரி கேட்டால் குழு அன்றோடு முடிந்தது. எஸ்டேட்டுக்கு வெளியே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடக்கும் தூரத்தில், பள்ளி வகுப்பறை, கோயில் மண்டபம், நூலகம் எதுவானாலும் சரி. இலவசமாகத் தந்தாலும் சிறு தொகையாவது வாடகையாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். சும்மா தந்த இடத்தை ஒரு கல்யாணத்துக்காக எளிதில் திரும்ப வாங்கிவிடுவார்கள்.

நேரம்: வேலை விட்டு, குளித்து, கடைப் பக்கம் கால் திரும்புவதற்கு முன்னால். கூலி நாளை விடாதீர்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் வேலை இழுத்துவிடும், கையில் காசும் கூடும். குழு அதிகம் தேவைப்படும் மாதங்களும் குழு கலையும் மாதங்களும் அவையே. நேரத்தை அரை மணி தள்ளலாம், நாளை மாற்ற வேண்டாம். மழைக்காலத்தில் மூடுபனியும் மின்வெட்டும் இருக்கும். ஒரு எமர்ஜென்சி விளக்கு வாங்கி வையுங்கள். சிக்னலை நம்பாமல் படிகளைப் பெரிய எழுத்தில் அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களும் வாசிக்க வேண்டும். யாரையும் அவமானத்தில் விடக்கூடாது.

கெடுவது எங்கே என்றால், முதலில் சாவியில். ஒரே சாவி ஒருவரிடம் இருந்து, அவர் அன்று குடித்துவிட்டால் மற்ற இருவரும் வெளியே நிற்பார்கள். இரண்டு சாவி, இரண்டு ஆள். அடுத்தது தலைமை. மாதம் ஒருவர் என்று நடத்தும் பொறுப்பு சுற்றி வரட்டும், மூவரில் ஒருவர் மூத்தவர் ஆனாலும் சரி. பைப் பணத்தை யாருக்கும் கைமாற்றுக் கொடுக்காதீர்கள். தேர்தல் வந்தால் கட்சிக்காரர் துண்டோடு வந்து பேச விரும்புவார், விடாதீர்கள். குடித்துவிட்டு ஒருவர் வந்தால் விரட்ட வேண்டாம். பின்வரிசையில் உட்காரவைத்து டீ கொடுங்கள், "அடுத்த வாரம் பேசலாம் அண்ணா" என்று சொல்லிவிடுங்கள்.

ஒரு வாரம் ஒருவர் மட்டுமே வருவார். நிச்சயம் அப்படி ஒரு வாரம் வரும். அவர் விளக்கைப் போட்டு, அட்டையைத் தனக்குத்தானே வாசித்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் பூட்டட்டும். அந்த வாரம் பூட்டிக் கிடந்தால், வரலாமா என்று மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருந்த நாலாவது ஆள் அன்றைக்குத்தான் வந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார்.

*

கணவர் எதற்கும் வர மறுக்கிறார். வண்டி அனுப்பி, ஆள் வைத்துத் தூக்கிப் போய் நிறுத்தவைக்கிறோம் என்று ஒரு மையம் சொல்கிறது. – கொண்டலாம்பட்டி வாசகி

அனுப்பாதீர்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடியால் வரும் மனநலக் கோளாறுகளும் அடங்கும். உள்நோயாளியாக வைத்துச் சிகிச்சை தரும் மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் யார், இரவில் நர்ஸ் உண்டா, வலிப்பு வந்தால் எந்த ஆஸ்பத்திரி, வாரம் ஒருமுறையாவது போனில் பேச விடுவீர்களா என்று கேளுங்கள். போனிலேயே மொத்தப் பணத்தையும் கேட்கிறவர்களிடம் பேச்சை முடித்துவிடுங்கள்.

அவர் வராவிட்டாலும் நீங்கள் போக ஓர் இடம் உண்டு. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டங்கள் 1951-இலிருந்து தனி அமைப்பாக இயங்குகின்றன. பாட்டிலைத் தேடுவது, அவருக்காகப் பட்டறையில் பொய் சொல்வது, கடனை அடைப்பது என்று உங்கள் நாள் முழுவதும் அவர் குடியைச் சுற்றியே போகிறதல்லவா, அதிலிருந்து உங்கள் நாளைத் திரும்ப வாங்கப் பழக்குவார்கள். அடி உதை இருந்தால் அதற்குக் கூட்டம் போதாது, பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள்.

*

நாலு மாதம் குடிக்காமல் இருந்தேன். சொந்தக்காரர் வீட்டுக் கெடா வெட்டில் இரண்டு பெக். இப்போது மூன்று நாளாக விடவில்லை. குழுவில் எந்த முகத்தோடு போவது? – எடப்பாடி வாசகர்

முதலில் உடம்பு. நிறுத்திக் குடித்து, நிறுத்திக் குடித்து வரும்போது ஒவ்வொரு முறையும் நடுக்கமும் வலிப்பும் முந்தையதைவிடக் கடுமையாக வரக்கூடும். மூன்று நாள் குடிக்குப் பிறகு கை நடுங்கினால் இன்றே டாக்டரைப் பாருங்கள்.

கூட்டத்தில் நீளமாக விளக்க வேண்டியதில்லை. "மூணு நாளா குடிச்சுட்டேன், இன்னைக்கு முதல் நாள்" என்றால் போதும். அந்த அறையில் இந்த வாக்கியத்தைச் சொல்லாதவர் அபூர்வம். நாலு மாதம் குடிக்காமல் இருந்தபோது என்னென்ன செய்தீர்களோ அதெல்லாம் உங்களிடம் அப்படியே இருக்கிறது. எது விட்டுப்போயிற்று என்று மட்டும் ஸ்பான்சரோடு உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலும் விருந்துக்கு மூன்று நான்கு வாரம் முன்பே கூட்டத்துக்குப் போவது குறைந்திருக்கும்.

அடுத்த விருந்துக்குத் துணையோடு போங்கள், இலை போட்டதும் சாப்பிடுங்கள், கறிக்குழம்பு வாசனையோடு தோப்புப் பக்கம் ஆட்கள் நகர ஆரம்பிக்கும்போது கிளம்பிவிடுங்கள். இந்த இதழ் கையில் இருக்கும்போதே, குழுவில் உங்களுக்குப் போன் நம்பர் தந்தவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, அடுத்த கூட்டத்துக்கு வரும் வழியில் உங்களை வீட்டிலேயே ஏற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.